ரெண்டு பிளேனும் ஒரே சைஸ்

1

என் கைப்பேசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள், போன வருஷம் இதே நாளில் நீ எடுத்த படம் இது என்று எதையாவது நீட்டும். பெரும்பாலும் நான் சாப்பிட்ட தட்டாக இருக்கும். இல்லையென்றால் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட படமாக இருக்கும். இன்றைக்கு நீட்டியது ஒரு வெள்ளை இறக்கை. அதன் நுனியில் கறுப்பாக ஒரு டயர் தடம்.

லாரி சடன் பிரேக் அடித்த இடத்தில் ரோட்டில் கிடக்குமே, அதே தடம்தான். ஆனால் இது ரோட்டில் விழுந்ததல்ல. விமானப் பந்தயத்தில் இரண்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தபோது, ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் இறக்கையில் லேசாக ஏறி இறங்கியதால் விழுந்தது. இரண்டும் ஒழுங்காகத் தரை இறங்கின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வம்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தொடங்கி வைத்த புண்ணியவான் அடியேன்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயர் தண்டபாணி. ஊர் வல்லக்கோட்டை. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு கிளை முளைத்தது. என்னை அனுப்பினார்கள். நான் மனைவி, மகள், ஒரு வெட் கிரைண்டர் சகிதம் வந்து சேர்ந்து, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் பழகுவதற்குள் கிளை முறிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் வால்ட்டர். இந்த மேற்குப் பாலைவனத்துச் சின்ன ஊரில் சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேயும் எனக்குக் குவாலிட்டிதான். தண்டபாணி அவர் வாயில் நுழையாததால் டான் என்று சுருக்கிவிட்டார். ஊரில் இருக்கும்போது யாராவது என்னை டான் என்று கூப்பிட்டிருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன். இங்கே அந்தப் பெயரோடு ஸ்பானர் துடைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் நான் தங்குவதற்கான மனு வால்ட்டர் பட்டறையின் பெயரில் கிடக்கிறது. எந்த மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஃபோன் செய்தால் ஒரு பாட்டு போடுவார்கள், நானும் அந்தப் பாட்டை முழுதாகப் பாடுமளவுக்குத் தேறிவிட்டேன். பட்டறை நிற்கும் வரை மனு நிற்கும். பட்டறை மூடினால் நாங்கள் மூவரும் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

2

விமானப் பந்தயம் என்றால் ஏதோ சுதந்திர தினத்தில் புகை விட்டுக்கொண்டு போவார்களே, அதை நினைக்காதீர்கள். பாலைவனத்தில் பெரிய வட்டமாக உயரக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒரே ஆள் உட்காரும் குட்டி விமானங்கள் ஏழெட்டு, பனைமரத்தைத் தொட்டுவிடுகிற உயரத்தில், அந்தக் கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும். முந்துகிறவன் வலது பக்கமாக, வெளியே விலகி முந்த வேண்டும். முன்னால் போகிறவன் தன் பாதையை விட்டு மேலேயோ கீழேயோ நெளியக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

வால்ட்டர் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இதில் பறக்கிறவர். எழுபதை நெருங்கிவிட்டார். மனைவி இல்லை, பிள்ளைகள் எங்கேயோ தூரத்தில். அவருடைய பட்டறைக்கு ஆட்கள் வருவதே அவர் பந்தயத்தில் பறக்கிறார் என்பதற்காகத்தான். பந்தயக்காரர் கை பட்ட எஞ்சின் என்றால் ஒரு மரியாதை.

அவருக்கு ஒரு குறை. ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து கழுத்து வலது பக்கம் திரும்பாது. வலது பக்கம் நிற்கிறவனிடம் பேச வேண்டுமென்றால் பீரோவை நகர்த்துகிற மாதிரி உடம்பையே திருப்புவார். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை. முதலாளி கழுத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

அன்றைக்கு நான் டூல் பாக்ஸோடு கீழே நின்றிருந்தேன். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்று. எங்கள் வெள்ளை விமானம் ஒரு கம்பத்தைத் திரும்புகிறது. அதன் வலது பக்கம், சற்று மேலே, ரோண்டா என்ற அம்மையாரின் மஞ்சள் விமானம் முந்துகிறது. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டும் ஒட்டின, விலகின. மஞ்சள் ஒரு தரம் ஆடியது. வெள்ளை தலை குனிந்து நிமிர்ந்தது. என் வாயிலிருந்து முருகா என்று வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் அது ஏதோ தொழில்நுட்ப வார்த்தை என்று நினைத்துத் தலையாட்டினார்.

வால்ட்டர் இறங்கி வந்து இறக்கை நுனியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ரப்பர்" என்றார். ரோண்டா அந்தப் பக்கம் இறங்கி, தன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் வக்கீலுக்கு ஃபோன் போட்டார்கள்.

எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. வானத்தில் உரசியதுகூட அவ்வளவு இல்லை.

3

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு தரம் கன்டெய்னர் லாரி ஒன்று ஷேர் ஆட்டோவை உரசியது. நானும் என் சிநேகிதன் சேகரும் ஷிப்ட் முடிந்து பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தோம். சேகர் பென்னலூர்க்காரன். அவன் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது, இப்போது அந்த நிலத்தில் எழும்பிய கம்பெனி ஷெட்டிலேயே அவன் லைன் ஓட்டுகிறான்.

ஆட்டோ டிரைவர் இறங்கினான். லாரி டிரைவர் இறங்கினான். அடுத்த நொடி நாங்கள் இறங்கினோம். கம்பெனி பஸ் நின்று, அதிலிருந்து யூனிஃபார்மோடு ஒரு ஷிப்டே இறங்கியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், "என்னல ஆச்சு" என்று முன்னால் வந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். உரசியதை யாருமே பார்க்கவில்லை. ஆனால் தீர்ப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"இன்னாய்யா, அம்மாம் பெரிய வண்டி வெச்சிக்கினு கீற, நீதான பாத்து வரணும்?" என்றான் சேகர்.

லாரி டிரைவர் ஆட்டோதான் குறுக்கே வந்தது என்று சத்தியம் செய்தான். செல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய வண்டிதான் தப்பு. லாரிக்கும் ஆட்டோவுக்கும் என்றால் லாரி. ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் என்றால் ஆட்டோ. சைக்கிளுக்கும் நடக்கிறவனுக்கும் என்றால் சைக்கிள். தர்மம் தராசில் இல்லை, டயரில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வளைந்த கண்ணாடியைக் கையாலேயே நிமிர்த்திவிட்டு, லாரிக்காரன் வாங்கிக் கொடுத்த டீயை ஆட்டோக்காரன் குடித்துக்கொண்டிருந்தான். வக்கீல் கிடையாது, வழக்கு கிடையாது.

விமானம் உரசிய மறுநாள் காலை சேகருக்கு ஃபோன் செய்தேன். அவனுக்கு அங்கே சாயங்காலம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தான்.

"இன்னா மச்சான் சொல்ற, மேல அம்மாம் எடம் கீது, அங்க போயுமா இட்சிக்குவானுங்க?"

"இடிக்கலடா. உரசிச்சு."

"செரி, எது பெரிய பிளேனு?"

"ரெண்டும் ஒரே சைஸ்."

அந்தப் பக்கம் உச்சுக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப கஷ்டம் மச்சான்" என்றான் சேகர். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

4

இரண்டும் ஒரே சைஸ் என்பதால் விசாரணை வைத்தார்கள். கீழேயிருந்து எடுத்த வீடியோவில் யார் யாரை நெருங்கினார்கள் என்று தெரியவில்லை. வால்ட்டர் பாதையை விட்டு மேலே ஏறினாரா, ரோண்டா தேவைக்கு மேல் ஒட்டி வந்தாரா என்பதுதான் கேள்வி. யார் மேல் தப்பு என்று ஆகிறதோ அவர் இனி அங்கே பறக்க முடியாது. ரோண்டாவுக்கு அது பொழுதுபோக்கு போவது. வால்ட்டருக்கு அவர் பெயரே போவது. பெயர் போனால் பட்டறை போகும். பட்டறை போனால் என்ன போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு முன் வால்ட்டரின் வக்கீல் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அந்த வெயிலில் கோட்டும் சூட்டும் போட்ட சின்ன வயசுக்காரர்.

"மூணே பதில்தான். தெரியாது. பார்க்கல. ஞாபகமில்ல. இதுக்கு மேல யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

(இவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன். இடையிடையே ஒரகடத்துக்காரர்கள் மாதிரி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் பலமாகத் தலையாட்டினேன். மூன்று பதிலையும் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சத்தியமாக அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

விசாரணை ஒரு விமானக் கொட்டகையில் நடந்தது. நடுவர் ஒரு ஓய்வு பெற்ற பைலட். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ரோண்டாவும் அவர் ஆட்களும். நடுவில் ஸ்டாண்டு போட்ட ஒரு வெள்ளைப் பலகை. அதன் விளிம்பில் மூன்று கலர் மார்க்கர். அந்தப் பலகையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் யாரோ, நடந்ததில் பாதிப் பாவம் அவனுக்குத்தான்.

என் முறை வந்தது. நடுவர் நல்ல மனுஷன், அன்பாகக் கேட்டார்.

"டான், தினமும் அந்த விமானத்தைத் தொட்டுப் பார்க்கிறவன் நீ. என்ன நடந்திருக்கும்னு நினைக்கிறே?"

ஒரகடத்தில், ஸ்ரீபெரும்புதூரில், இருங்காட்டுக்கோட்டையில், எந்தக் கம்பெனி குவாலிட்டிக்காரனிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து பலகையைத் தேடுவான். நம்மிடம் பாகம் வாங்குகிற கஸ்டமர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து என்ன நடந்தது என்று கேட்டால், செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு மீன் முள் வரைய வேண்டும். தலையில் பிரச்னை. முள்ளுக்கு முள் காரணம்: ஆள், மெஷின், சரக்கு, முறை, சூழ்நிலை. அப்புறம் ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டு அடி வரைக்கும் போக வேண்டும். அடுத்தவன் மேல் பழி போடுவது மட்டும் கூடவே கூடாது. கஸ்டமர் தப்பே செய்திருந்தாலும் அது நம்முடைய தப்புதான், நாம்தான் அவருக்குப் புரிகிற மாதிரி பேக் செய்யவில்லை.

ஒரு தரம் கஸ்டமரிடமிருந்து உடைந்த பாகம் ஒன்று திரும்பி வந்தது. நாங்கள் மீன் முள் போட்டோம், ஐந்து ஏன் போட்டோம், ஆபரேட்டர்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினோம். கஸ்டமருக்கு ஏக சந்தோஷம். அடுத்த மாசம்தான் தெரிந்தது, அந்தப் பாகம் எங்களுடையதே இல்லை, வேறொரு கம்பெனி செய்தது. இருந்தாலும் சிறந்த காரண ஆய்வு என்று எங்களுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். மேனேஜர் ரிசப்ஷனில் வைத்துவிட்டார்.

ஆக, நடுவர் கேட்டதும் என் கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, கால்கள்தான் எழுந்தன. மார்க்கரைத் திறந்தேன். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தேன். பின்னால் வக்கீல் இருமினார். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மீனை வரைந்தேன்.

மெஷின்: பின்னால் பார்க்கும் கண்ணாடி சின்னது. முறை: வால்ட்டர் புதன்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை. சூழ்நிலை: சாயங்கால வெயில். ஆள்: மூக்குக் கண்ணாடி பழையது, புதிதுக்கு எழுதிக் கொடுத்தும் வாங்கவில்லை. நடுவில் ஒண்ணுக்கு வரக் கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கழுத்து வலது பக்கம் திரும்பாது.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் முள் போட்டதில்லை. அதே வேகத்தில் ஏனுக்குப் போனேன். ஏன் உரசியது? எங்கள் விமானம் கொஞ்சம் மேலே ஏறியது. ஏன் ஏறியது? மேலே இன்னொரு விமானம் இருப்பது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? கழுத்து திரும்பாது. ஏன் திரும்பாத கழுத்தோடு பறந்தார்? யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஐந்தாவது ஏனுக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். பயிற்சி போதவில்லை, அதனால் பயிற்சி கொடுக்கப்பட்டது. எழுதக் கையைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் பின்னால் இருமல் நின்றுபோனது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வக்கீல் முகத்தைக் கையால் மூடியிருந்தார். எதிர்ப்பக்க வக்கீல் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வால்ட்டர் பலகையைப் பார்த்தபடியே இருந்தார். முதலாளியின் கழுத்தை ஊர் நடுவில் எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

"சொன்னா நிறுத்திடுவாங்க. அந்த பயத்துல சொல்லல" என்றார் வால்ட்டர். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, மெதுவாக. "எழுது டான். ஸ்பெல்லிங் தப்பில்லாம எழுது."

எழுதினேன். ஸ்பெல்லிங் தப்பாகத்தான் வந்தது.

எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்ந்தது. ரோண்டா எழுந்து வந்தார். பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"என் பக்கத்து முள் எங்கே?" என்றார்.

"மேடம், நீங்க கஸ்டமர்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

யாரோ சிரித்தார்கள். ரோண்டா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, மீனுக்கு அந்தப் பக்கம் தானே ஒரு முள் போட்டார். பிறகு நடுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வால்ட்டருக்கு வலது பக்கம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இங்க பறக்கிற எல்லாருக்கும் தெரியும். நம்மளப் பார்த்தா அவர் வழி விடமாட்டார். அதனால வெளிய விலகிப் போகாம, அவர் பார்க்காத பக்கமா ஒட்டிப் போவோம். நான் மட்டும் இல்ல. வருஷக்கணக்கா எல்லாரும் அப்படித்தான் முந்துறோம்."

அவருடைய வக்கீலும் இப்போது முகத்தை மூடிக்கொண்டார். நடுவர் தன் ஷூவைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வால்ட்டரோடு பறந்தவர்தான்.

அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்கள். ரோண்டா ஒரு வருஷத்துக்குப் பறக்கக் கூடாது. வால்ட்டர், கழுத்து சரி என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை பறக்கக் கூடாது. அந்தக் கழுத்துக்கு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் வால்ட்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு வராதே. நான் சொல்றப்ப வா."

5

என் மனைவி சுமதி குன்றத்தூர்க்காரி. விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த மன்சன் உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணாரு? வாய மூடிக்கினு சும்மா இருந்துட்டு வரக் கூடாதா?"

"கேள்வி கேட்டாங்க சுமதி."

"கேட்டா? நான் வூட்ல தெனம் எவ்ளோ கேக்கறேன், ஒண்ணுக்காச்சும் இப்டி எழுந்து நின்னு பதில் சொல்லிகிறீங்களா?"

அடுத்தடுத்த நாட்களில் ஃபோன் வரவில்லை. சுமதி எதைக் கொண்டு போவது, எதைக் கொடுத்துவிட்டுப் போவது என்று பிரிக்க ஆரம்பித்தாள். கிரைண்டர் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. சேகர், "வந்துடு மச்சான், கான்ட்ராக்ட்ல சூப்பர்வைசரா போட சொல்றேன், ஓவர்டைம் நெறய கீது" என்றான். அவன் நல்ல மனசோடு சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

மகள் பெயர் இலக்கியா. பள்ளிக்கூடத்தில் லக்கி. பதினாறு வயது. ரோட்டில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் பத்தடி தள்ளி நடப்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அந்த வாரம் அவள் கம்ப்யூட்டரில் ஒரகடத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க எல்லாமே ஷெட் ரூஃபா இருக்கு. வீடெல்லாம் எங்க?"

"நடுவுல நடுவுல இருக்கும்மா."

"ஐ ஆம் நாட் கோயிங்" என்றாள். பிறகு, "எல்லார் முன்னாடியும் அவரப் பத்தி அப்படி எழுதியிருக்கீங்க. யாருப்பா அப்படிப் பண்ணுவாங்க?"

எங்கள் ஊரில் எல்லோரும் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்தால், அது சரியில்லை. எங்கள் ஊரில் முதலாளி தப்பை எவனும் எழுத மாட்டான். நம்ம லைன், நம்ம ஆள், நம்ம மெஷின் என்றால்தான் எழுதுவோம். அன்றைக்கு மார்க்கரைப் பிடித்தபோது வால்ட்டர் முதலாளி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் கழுத்து நம்ம கழுத்து என்றுதான் எழுதினேன். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மூன்று தரம் காகிதத்தில் எழுதிக் கிழித்தேன். தமிழில்கூட மகளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

6

சனிக்கிழமை காலை வாசலில் வண்டிச் சத்தம். வால்ட்டரின் பிக்கப்.

அவர் எங்கள் வீட்டுக்கு முன்பும் வந்திருக்கிறார். எப்போதும் தெருக் கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவார். நடக்கப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அன்றைக்கு என்ன அவசரமோ, நேராக வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

சுமதி பயத்தில் அவருக்கு இரண்டு டம்ளர் காப்பி கொண்டு வந்து வைத்தாள். ஒன்று குடித்துவிட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

"உனக்கு மூணு பதில் சொல்லிக் கொடுத்தாங்க. அதுல ஒண்ணச் சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் செஞ்சே, டான்?"

நான் ஆரம்பித்தேன். "சார், இன் அவர் பிளேஸ்..." அதற்கு மேல் வரவில்லை. நம்ம என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி "சார், இன் அவர் பிளேஸ்" என்றேன்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த இலக்கியா குறுக்கிட்டாள். ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். நான் புரிந்துகொண்டது இது:

"அப்பா வெளி ஆளுங்க தப்ப எங்கயும் சொல்ல மாட்டார். சொந்த ஆளுங்க தப்ப மட்டும்தான் ஊருக்கே சொல்வார். என்னப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். அம்மாவப் பத்தியும். இப்ப உங்களப் பத்தியும் சொல்லிட்டார். அவ்வளவுதான்."

வால்ட்டர் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கழுத்து ஆடாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

"இந்தக் கழுத்தப் பத்தி என் பிள்ளைங்க ஒரு தரம் கேட்டதில்ல" என்றார். "பட்டறைல கேட்டதில்ல. கூடப் பறந்தவங்க தெரிஞ்சே பக்கத்துல வந்திருக்காங்க. ஏதோ ஒரு நாள் செத்திருப்பேன். அடுத்த தரம் எனக்கு முதல்ல சொல்லு. அப்புறம் பலகைல எழுது."

நான் தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. ஃபோன் மேல ஃபோன் வருது. ரோண்டாவும் கூப்பிட்டா. எல்லாருக்கும் அவங்கவங்க விமானத்துக்கு ஒரு மீன் வேணுமாம். என்னால ஒரு மீன் வரைய முடியாது. திங்கட்கிழமை வா."

சுமதிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் மன்டே புரிந்தது. உள்ளே போய் கிரைண்டரை அதன் இடத்துக்கே தள்ளுகிற சத்தம் கேட்டது.

வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். வால்ட்டர் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார், ஏறவில்லை. பின்னால் போகச் சந்து மாதிரி ஒரு வழி, இரண்டு பக்கமும் சுவர், அதைத் தாண்டி ரோடு. அவர் ஏன் இத்தனை நாள் தெருக் கோடியில் நிறுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உதவி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏறுங்க சார்" என்றேன். ஏறினார்.

"வா... வா... வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... வா வா..."

ஒரகடம் கேட்டில் லாரி பின்னால் வரும்போது கத்துகிற அதே கத்தல், அதே தமிழ். எதிர்வீட்டுத் திரை விலகியது. அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருக்கும். இந்த மாதிரிச் சமயத்தில் உள்ளே ஓடிவிடுகிற மகள் என்னைத் தாண்டிப் போய், வழி ரோட்டில் சேருகிற இடத்தில், எனக்குத் தெரியாத வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி பாதி வழி வந்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு! கார் வருது!"

கத்தியது அவள். தமிழில். நான் வண்டியின் உடம்பில் படாரென்று தட்டினேன். வால்ட்டருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பிரேக்கை அழுத்தி அப்படியே நின்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கார் விருட்டென்று கடந்து போனது.

அவர் பக்கத்துக் கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தது, என்னைத் தாண்டி இலக்கியாவைத் தேடியது, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தது.

அவள் இன்னொரு தரம் வலது பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வா, வா" என்று கையை அசைத்தாள்.